செஞ்சி மலையில் ஒரு பகல், வல்லத்தில் ஓர் இரவு

திண்டிவனத்தில் பஸ் ஏறி மேற்கே திரும்பினால் வல்லம் வரையில் கண்ணுக்கு விசேஷமாக எதுவும் தட்டுப்படாது. நெல் வயல், மணிலாக் கொல்லை, கரும்பு, ஏரிக்கரைப் பனைமரங்கள் - இந்தச் சீமையில் எங்கும் காண்பவைதான். அப்புறம் சிறிது தூரம் போனதும் குன்றுகள் தலை காட்டுகின்றன. மரம் மண்டிய பச்சைக் குன்றுகள் அல்ல. வெறும் கருங்கல் குவியல்கள். பூதம் ஒன்று கூடை கூடையாகக் கல்லைக் கொண்டு வந்து கொட்டி, அடுக்கி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டதால் அப்படியே போட்டுவிட்டு ஓடியது போலத் தோன்றும்.

அந்தக் குவியல்களில் மூன்றை மதிலால் சேர்த்துக் கட்டியதுதான் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று சிகரங்கள். மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 1677-ல் சிவாஜி மகாராஜா இதைக் கைப்பற்றினார். அந்த உறவை முன்னிட்டு, 2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாக நம் செஞ்சியும் சேர்ந்துகொண்டது. கௌரவம் வந்தால் கூட்டமும் வரும். வருகிறவர்கள் எப்படி ஏறுவது, எங்கே இராத் தங்குவது என்று தெரிந்துகொண்டு வந்தால் மலைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

மூன்றில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி. "இவ்வளவுதானா? எங்கள் ஆபீஸ் மாடியில் பாதி!" என்றார் எங்களோடு வந்த சென்னை நண்பர். ஆபீஸ் மாடிக்கு லிப்ட் உண்டு என்பது கமலக்கண்ணி அம்மன் சந்நிதியை எட்டுவதற்குள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய பத்து வயதுப் பையன் மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

படிகள் எல்லாம் கருங்கல். ஓரிடத்தில் முழங்கால் உயரம், இன்னோரிடத்தில் சாண் உயரம். மொத்தம் எத்தனை என்று எண்ணி வந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். மூச்சு வாங்கும்போது எண்ணினால் வேறு எப்படி இருக்கும்? மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். கோடையிலோ, பத்து மணிக்கெல்லாம் கல் கொதிக்க ஆரம்பித்து, சாயங்காலம் வரை அந்தச் சூட்டை விடாமல் வைத்திருக்கும். ஆகையால் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வருவதே உசிதம். காலையில் வாசல் திறந்ததும் ஏறிவிட வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் காவலாளிகள் ராஜகிரிக்கு ஆள் விடுவதில்லை. அவர்களோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. இருட்டினபின் அந்தப் படிகளில் இறங்குகிறவர்களைத் தேடிப் போக வேண்டியவர்கள் அவர்கள்தானே?

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாதை திடீரென்று அறுந்து போகிறது. நடுவில் ஒரு பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த வெடிப்பை மனிதர்கள் இன்னும் ஆழப்படுத்தியிருக்கிறார்கள். இப்போது பாலத்தின் மேல் சாவதானமாக நடந்து போகிறோம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எதிரி இந்தப் பக்கம், ராஜா அந்தப் பக்கம்.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. கீழே எட்டிப் பார்த்தால் கல்யாண மஹால் பொம்மை வீடு போலவும், சாதத்துல்லா கான் மசூதியும் வேங்கடரமணர் கோயிலும் கொலுவில் வைத்தது போலவும் தெரியும். காற்று ஒன்றே போதும், ஏறி வந்த கஷ்டத்துக்கு.

ஆனால் இந்தக் கோட்டையில் எனக்கு அதிசயமாகப் பட்டது மதிலும் அல்ல, பீரங்கியும் அல்ல, தண்ணீர். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து இருந்தபோது மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினான். கோட்டை அவன் கைக்கு வந்தது 1698-ல்! அதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ஏழெட்டு வருஷம் ஒரு மொட்டைப் பாறையில் ஒரு சேனை எப்படித் தாக்குப் பிடித்தது? பாறைக் குழிகளிலும் சுனைகளிலும் மழைத் தண்ணீரைத் தேக்கினார்கள். கீழே குளங்கள் வைத்தார்கள். அரண்மனைப் பக்கம் மண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒரு சொட்டையும் வீணாக்காத ஜனங்கள். அவர்கள் காத்த சுனையில் பிஸ்கோத்துக் காகிதம் மிதப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். பாரம் குறைந்துதானே இருக்கிறது! தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். செஞ்சிக் குரங்குகள் கைப்பை சாஸ்திரத்தில் கரை கண்டவை. பையைப் பறித்து, பண்டத்தைத் தின்று, பையைப் பள்ளத்தில் எறிந்துவிடும். நமக்குப் பதில் குப்பை போட்ட பாவம் அதைச் சேர்ந்தது என்று சும்மா இருக்க முடியுமா? தவிரவும், இம்மாதிரிப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் அனுமதித்த இடம் தவிர மற்ற இடங்களில் சமைக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. 1959-ம் வருஷத்து விதிகளிலேயே இது இருக்கிறது. கயிறு கட்டிச் செங்குத்துப் பாறை ஏறும் வித்தை பயின்ற வாலிபர்களும் இந்தப் பாறைகளைப் பார்த்து நாக்கில் நீர் ஊறுவதுண்டு. அதற்குக் கோட்டைக்குள் இடமில்லை. சின்னத்தில் ஒரு ஆணி அடித்தாலும், பெயரைக் கீறினாலும் குற்றமே. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அருகே ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் என்ற ஜைனத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் அது. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் போற்றும் மிகப் பழைய வட்டெழுத்துச் சாசனங்களில் அது ஒன்று. ஐம்பத்தேழு நாள் பாறைமேல் தங்கியவருக்கு எண்ணி எடுக்கும்படி சில சொற்கள் போதுமாக இருந்தன. அரை மணி நேரம் தங்குகிறவர்கள், தம் பெயரையும் காதலியின் பெயரையும் நடுவில் ஓர் அம்பையும் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, இரவுக்கு என்ன செய்வது? கோட்டையில் தங்க முடியாது, அனுமதி இல்லை. இருந்தாலும் நான் தங்க மாட்டேன்! 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் இந்தக் கோட்டையைப் பிடித்தான். ஆனால் அவர்கள் வசம் இருந்த பத்து வருஷத்தில், இந்த இடத்து நோய்நொடிக்கு 1200 ஐரோப்பியச் சிப்பாய்களைப் பலி கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பாக்கமலைக் காட்டுப் பக்கம் போகலாம் என்றால், வன இலாகா அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கோடையில் ஒரு தீக்குச்சி போதும், மலையே பற்றிக்கொள்ள.

வெளிநாடுகளில் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அமெரிக்காவில் யூடா மாநிலத்துப் பாலை நிலத்தில் காசில்டன் கோபுரம் என்று 400 அடிக்குச் செங்குத்தாக ஒரு பாறைத் தூண் நிற்கிறது. 1961-ல் லேட்டன் கோர், ஹண்ட்லி இங்கல்ஸ் என்ற இருவர் முதலில் அதில் ஏறினார்கள். பிறகு ஏறுகிறவர்கள் கூட்டம் பெருகியது. அடிவாரத்தில் கூடாரங்களும் பெருகின. அந்த மண்ணின் மேல் உயிருள்ள ஒரு பொருக்கு படிந்திருக்கிறது. ஒரு காலடி பட்டு உடைந்தால் மறுபடி கூட வருஷக் கணக்காகும். ஆகையால் நடந்த தடத்திலேயே நடப்பது, முன்பு கூடாரம் அடித்த இடத்திலேயே அடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டார்கள். மலத்தைக்கூடப் பையில் கட்டி எடுத்துப் போகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், பாலையில் எதுவும் சீக்கிரம் மக்காது. நம் பாறைக் காடும் வருஷத்தில் பாதி நாள் பாலைதான்.

செஞ்சியில் விடுதிகள் இருக்கின்றன. வெட்ட வெளியில் வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், நாங்கள் வல்லத்துப் பக்கம் திரும்பி வந்து, ஒரு மணிலாக் கொல்லைக்காரரிடம் கேட்டோம். அறுவடை முடிந்து தரை வெறுமையாகக் கிடந்தது. பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"படுத்துக்குங்க. ஆனா நாலு சேதி சொல்றேன், கேட்டுக்குங்க. அடுப்பு வேணும்னா மோட்டார் கொட்டாய்கிட்ட, கரி நான் பாத்து அணைக்கிற வரைக்கும் தூங்கக் கூடாது. கிணத்துல சோப்புப் போடக் கூடாது. கொல்லைக்குப் போறதுன்னா அதோ அந்த மேட்டுப் பக்கம், குழி தோண்டி மண்ணைத் தள்ளிடணும். ஏரித் தண்ணி பக்கம் வேணாம்."

"நாலாவது?" என்றார் சென்னை நண்பர்.

"பாட்டிலு."

போன வருஷம் யாரோ சில பேர் காரில் வந்து, கேட்காமலே தங்கி, குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போனார்களாம். உழவுக்கு வந்த ஆளின் பாதத்தில் கண்ணாடி ஏறி, இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவர்கள் விட்டுப் போன சோற்றுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து விழுங்கிய கறவை மாடு ஒன்று வயிறு உப்பிச் செத்துப்போயிற்று. பெரியவர் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். மாட்டின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தணிந்தது.

நண்பரின் மனைவி அன்றிரவு பொட்டலம் கட்டிய வாழையிலையைக்கூட எண்ணி வைத்தாள். பையன் நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்குள் தூங்கிப் போனான். எட்ட ஏரிக்கரையில் ஆள்காட்டிப் பறவை இரண்டு முறை கத்தி ஓய்ந்தது.

விடிந்ததும் மூட்டை கட்டினோம். குப்பைப் பை நண்பரின் கையில் இருந்தது. பெரியவர் வந்தார், தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. நாங்கள் படுத்திருந்த இடத்தில் வெறுங்காலோடு மெதுவாக ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, "மொகம் கழுவிக்கிட்டுப் போங்க" என்றார்.