பத்துக் குறிகளில் ஓர் இருப்பிடம்

தில்லி சன்சத் மார்க்கில் அஞ்சல் துறையின் தலைமையகமான டாக் பவன் அமைந்துள்ளது. அதன் அஞ்சல் குறியீட்டு எண் 110001. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க முறை, கடிதத்தை உரிய அஞ்சலகம் வரையில் கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் வீட்டைக் கண்டறிவது அஞ்சல்காரரின் நினைவாற்றலைப் பொறுத்தது. கதவெண் ஒழுங்காக அமையாத சந்துகளில் அவர் விடுப்பில் சென்றால் கடிதம் தாமதமாகும்; அது பொறுக்கத்தக்கதே. ஆயின் நோயாளியை ஏற்றிச் செல்லவேண்டிய அவசர ஊர்தி வழி தெரியாது நின்றால் என்னாவது?

இக்குறையைக் களைய, அஞ்சல் துறை ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துடனும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் இணைந்து ‘டிஜிபின்’ என்னும் பத்துக் குறி முகவரியை உருவாக்கி, 2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது.

இதன் கணக்கு எளிது. இந்தியாவை உள்ளடக்கிய, பக்கத்திற்கு 36 பாகை கொண்ட ஒரு சதுரம் 16 கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு குறி. அக்கட்டம் மீண்டும் 16ஆகப் பகுக்கப்படும். டாக் பவனின் குறியீடு 3, 9, ஜே எனத் தொடங்குகிறது. வடக்குத் தெற்காக அளந்தால், 3 என்பது ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அதனுள் 9 என்பது 250 கிலோமீட்டர். அதனுள் ஜே என்பது 62 கிலோமீட்டர். பத்தாம் முறை பகுக்கையில் கட்டம் ஏறக்குறைய நான்கு மீட்டராகச் சுருங்கிவிடும். இவ்வாறு கிடைக்கும் கட்டங்கள் ஓர் இலட்சம் கோடிக்கும் மேல். அவற்றை வழக்கமான இலக்கங்களால் மட்டும் எண்ணினால் 13 இடங்கள் தேவை. 16 குறிகளால் எழுதுவதால் 10 இடங்களே போதும்.

குறிகளின் தேர்வும் கருதத்தக்கது. 2 முதல் 9 வரையிலான இலக்கங்களும் எட்டு ஆங்கில மெய்யெழுத்துகளுமே இடம்பெற்றுள்ளன. சுழியமும் ‘ஓ’ எழுத்தும், ஒன்றும் ‘ஐ’ எழுத்தும் பார்வைக்கு மயங்குவன. அவை நான்கும் இல்லை. உயிரெழுத்து இன்மையால் தகாத சொல் தற்செயலாக உருவாகும் வாய்ப்பும் குறைவு. இணைய முகவரியில் சாய்கோடும் வினாக்குறியும் தனிப்பொருள் உடையவை. அவையும் இதில் இல்லாததால், இக்குறியீட்டை இணைப்பில் அப்படியே சேர்க்கலாம்.

எனினும் சுருக்கம் வேறு, மறைவு வேறு. டிஜிபினில் குடியிருப்போர் பெயர் இராது. ஆனால் கணக்கு வெளிப்படையானது ஆதலால், குறியீட்டைப் பெற்ற எவரும் அதனை இருப்பிடமாக மாற்றிக்கொள்ளலாம். அதனைப் பொதுவெளியில் பகிர்வது வாயிற்கதவைக் காட்டுவதற்கு ஒப்பாகும். மேலும் உயரம் இதில் கணக்கிடப்படவில்லை. நான்கு மாடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வீடுகளுக்கு ஒரே குறியீடுதான். மாடி எண்ணைத் தனியே எழுதவேண்டும்.