பணிக்கேற்ற கணினி

பொறியியல் கல்லூரியில் இடம் உறுதியானதும் பல இல்லங்களில் எழும் வினா, ‘எந்தக் கணினியை வாங்குவது?’ என்பதாகும். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் செலுத்திய பின், குடும்பம் அரிதில் திரட்டும் தொகை அதற்குச் செலவாகிறது. பொருந்தாத கருவியை வாங்கிவிட்டால் மீண்டும் ஒருமுறை பணம் திரட்டுதல் எளிதன்று. மாணவர் நான்கு ஆண்டுகள் அதனோடுதான் பயில நேரும். ஆகவே, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், அக்கணினி செய்யவேண்டிய பணியைப் பார்த்தல் வேண்டும்.

பணியை அறிதல்

முதலாண்டுப் பாடங்கள் பொறியியலின் எல்லாப் பிரிவினர்க்கும் பெரிதும் பொதுவானவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதற்பருவத்தில் பைத்தான் நிரலாக்கமும், இரண்டாம் பருவத்தில் பொறியியல் வரைகலையும் இடம்பெற்றிருந்தன. நிரலாக்கத்தின் தொடக்கப் பயிற்சிகளுக்கு எளிய கணினியே போதும். அதன்பின் வழிகள் பிரிகின்றன. இயந்திரப் பொறியியல் மாணவர் எந்திர உறுப்புகளை முப்பரிமாணத்தில் வடிவமைப்பார். கட்டடப் பொறியியல் மாணவர் பாலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் விழும் சுமைகளைக் கணக்கிடுவார். மின்னணுவியல் மாணவர் மின்சுற்றுகளை வரைந்து சோதிப்பார். கணினி அறிவியல் மாணவர் நிரல்கள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்குவார். தாம் சேரும் துறையில் எவ்வெம் மென்பொருள்கள் பயன்படுகின்றன என்பதை அத்துறையின் ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ கேட்டறிதலே முதற்படி.

மென்பொருளும் இயங்குதளமும்

எல்லா மென்பொருளும் எல்லா இயங்குதளத்திலும் இயங்குவதில்லை. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸ் இயங்குதளத்திற்காகவே உருவாக்கப்பட்டவை. ஆட்டோகேட் விண்டோஸிலும் மேக் கணினியிலும் இயங்கும். மேட்லேப் இவ்விரண்டோடு லினக்ஸிலும் இயங்கும். எனவே, அழகும் மென்மையும் கண்டு ஒரு கணினியை வாங்கிய பின், துறைக்குத் தேவையான மென்பொருள் அதில் இயங்காது என அறிவது பெரும் இழப்பாகும்.

மேசையும் அலமாரியும்

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தை நாம் எழுதும் மேசைக்கும், சேமிப்பகத்தை நூல்களை அடுக்கும் அலமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை சிறிதாயின் தாள்களை அலமாரிக்கும் மேசைக்கும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்ல நேரும். நினைவகம் நிரம்பிய கணினி தளர்ந்து இயங்குவதும் இதனால்தான்.

கணக்குப் பாடத்தில் நாம் பயிலும் அணியையே சான்றாகக் கொள்வோம். 10,000 நிரைகளும் 10,000 நிரல்களும் கொண்ட ஓர் அணியில் 10 கோடி உறுப்புகள் உள்ளன. நுட்பமான கணக்கீடுகளில் ஓர் உறுப்பைக் குறிக்க 8 பைட்டு இடம் தேவை. ஆகவே, அவ்வணி முழுவதும் 80 கோடி பைட்டு, அதாவது 0.8 ஜிகாபைட்டு இடத்தை நிரப்பும். அத்தகைய ஐந்து அணிகள் ஒருசேரத் தேவைப்படின் 4 ஜிகாபைட்டு நிரம்பிவிடும். இயங்குதளத்திற்கும் உலாவிக்கும் தனியே இடம் வேண்டும். இதனால், நிரலாக்கத்திற்கும் எளிய வரைபடங்களுக்கும் 8 ஜிகாபைட்டு நினைவகத்தைத் தொடக்க அளவாகவும், முப்பரிமாண வடிவமைப்பிற்கும் பெருங்கணக்கீடுகளுக்கும் 16 ஜிகாபைட்டை ஏற்ற அளவாகவும் கொள்ளலாம்.

அலமாரியிலும் வேறுபாடு உண்டு. பழைய வகை வன்தட்டில் வட்டு சுழன்று, படிக்கும் முனை உரிய இடத்தை அடையும்வரை கணினி காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. எனவே, தகவல் மிக விரைவாகக் கிடைக்கிறது.

மாற்ற இயல்வதும் இயலாததும்

கையிருப்புப் பணம் குறைவாக இருப்பின் எதற்கு முதலில் செலவிடுவது? மடிக்கணினியின் செயலியையும் திரையையும் பிற்காலத்தில் மேம்படுத்துதல் பெரும்பாலும் இயலாது. நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பல கணினிகளில் பின்னர்ப் பெருக்கிக்கொள்ளலாம். ஆயினும், மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் அதனை மாற்ற முடியாது. கூடுதல் நினைவகம் பொருத்த இடம் உள்ளதா என்பதை வாங்கும்முன் கேட்டறிதல் வேண்டும். மாற்ற இயலாதவற்றுக்கு முதலில் செலவிட்டு, மாற்ற இயல்வனவற்றைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்வது சிக்கனமான வழியாகும்.

தனி வரைகலைச் செயலி முப்பரிமாண வடிவமைப்பிற்கும் இயந்திரக் கற்றலுக்கும் துணைபுரியும். ஆனால், அது விலையைக் கூட்டும்; மின்னாற்றலையும் மிகுதியாக நுகரும். 50 வாட்-மணி ஆற்றல் கொண்ட மின்கலம், கணினி 10 வாட் நுகரும்போது 5 மணி நேரம் உழைக்கும். 50 வாட் நுகரும்போது 1 மணி நேரமே உழைக்கும். நாள்தோறும் பேருந்தில் சென்று பயிலும் மாணவர் எடையையும் மின்கலத்தையும் கருத வேண்டும். விடுதி அறையிலோ வீட்டிலோ ஒரே இடத்தில் அமர்ந்து பயில்பவர்க்கு, உறுப்புகளை எளிதில் மாற்றத்தக்க மேசைக்கணினியும் ஏற்றதே.

குறைந்த செலவில் கற்றல்

விலை மிகுந்த கணினி இல்லாமையால் எவரும் சோர்வடைய வேண்டியதில்லை. கடுமையான பணிகளைக் கல்லூரி ஆய்வகக் கணினிகளில் செய்யலாம். ஃப்ரீகேட், கைகேட், ஆக்டேவ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்று வடிவமைப்பிற்கென ஈசிம் என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கி வழங்குகிறது. அக்கழகத்தின் பேச்சுவழிப் பயிற்சிக் காணொலிகள் பல தமிழிலும் உள்ளன.

பழைய கணினியை வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில் லினக்ஸை நிறுவிப் பயன்படுத்தலாம். ஆனால், துறைக்குரிய மென்பொருள் அதில் இயங்குமா என முன்னரே ஆராய்தல் நன்று. புதிய கணினியாயினும் பழைய கணினியாயினும் உரிய பற்றுச்சீட்டைப் பெற வேண்டும். உத்தரவாதக் காலத்தையும் பழுதுநீக்கும் நிலையம் அருகில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

தேவையை வரையறுத்தல், அளந்து பார்த்தல், கையிலுள்ள பொருளின் எல்லைக்குள் சிறந்ததைத் தேர்தல் ஆகிய மூன்றும் பாலம் கட்டுவோர்க்கும் எந்திரம் அமைப்போர்க்கும் உரிய பணிகளே. தமக்குரிய கணினியை இம்முறையில் தேர்ந்தெடுக்கும் மாணவர், கல்லூரி வாயிலை மிதிக்கும் முன்னரே பொறியியலின் முதற்பாடத்தைக் கற்றவராகிறார்.