தாத்தாவின் ரேடியோவும் நாலரை வோல்ட்டும்

மேடை ஏற அரை மணி நேரம்தான் இருந்தது. முதல் நாள் இரவுவரை குளிரூட்டப்பட்ட பயிற்சி அறையில் உறுமிக்கொண்டிருந்த என் ஃபஸ் பெடல், பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மேடையில் தும்மத் தொடங்கியது. தந்தியை மீட்டினால் ஒரு கணம் ஒலி வரும். பிறகு அறுந்து அறுந்து விழும். நான் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். டிரான்சிஸ்டர் பாடத்தில் நல்ல மதிப்பெண் வேறு வாங்கியிருந்தேன். அந்த நேரத்தில் அது கைகொடுக்கவில்லை.

ஃபஸ் என்பது கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் சிறு பெட்டி. 1961ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானபோது, பழுதடைந்த ஒலிப்பதிவுக் கருவியால் பேஸ் கிட்டாரின் ஒலி கரகரத்தது. அந்தக் கோளாறு பலருக்குப் பிடித்துப்போனது. 1966ல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வட்டவடிவப் பெட்டியில் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பெடலை வெளியிட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது அதைத்தான். உள்ளே 2 டிரான்சிஸ்டர், 4 மின்தடை, 3 மின்தேக்கி, 2 குமிழ். அவ்வளவுதான். இவ்வளவு எளிய சுற்று என்பதால்தான் நானும் துணிந்தேன்.

மின்தடைகளையும் மற்றவற்றையும் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். டிரான்சிஸ்டர்களுக்கு மட்டும் வேறு ஆசை. ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம் வகை. அதே வகையில் ஒரு ஜோடி எங்கள் வீவக வீட்டின் சாமான் அறையில், காலமான தாத்தாவின் பழைய ரேடியோவுக்குள் இருந்தது. ஏசி 128. ரேடியோ பாடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இருந்தாலும் பாட்டியிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது.

“அவரு இருந்தா அவரே கழட்டிக் குடுத்திருப்பாரு. எடுத்துக்கய்யா, ஆனா பாழாக்கிடாத” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் பற்றவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் காதில் ஒலித்தது. டிரான்சிஸ்டரின் காலில் முதலைக் கிளிப் மாட்டி, சூடு உள்ளே ஏறாமல் பார்த்துக்கொண்டேன். முடித்து வாசித்துக் காட்டியபோது பாட்டி, “என்னய்யா, ஸ்டேஷன் சரியா பிடிக்கலையா?” என்றார்.

சரி, பயாஸ் என்றால் என்ன? 9 வோல்ட் மின்கலத்தை, 9 அடி உயரமுள்ள அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் சமிக்ஞை அந்த அறைக்குள் மேலும் கீழும் குதிக்கிறது. தலை கூரையில் இடித்து, கால் தரையில் இடிக்கும்போதுதான் ஃபஸ் பிறக்கிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் சமிக்ஞை இல்லாதபோது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே இங்கு முக்கியம். ஏறக்குறைய பாதி, அதாவது 4.5 வோல்ட், என்றால் இரண்டு பக்கமும் இடிக்கும். ஒலி தடிப்பாக வரும். கூரைக்கு மிக அருகில் நின்றால் ஒரு பக்கம் மட்டும் இடித்து, ஒலி மெலிந்து அறுபடும்.

சுற்றுப்படத்தில் அந்தக் கலெக்டருக்கு 8.2 கிலோ ஓம் மின்தடை என்று போட்டிருக்கும். எந்த டிரான்சிஸ்டருக்கு? இரண்டு ஏசி 128கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் அந்த இடத்தில் 20 கிலோ ஓம் டிரிம்மர் ஒன்றை வைத்து, மல்டிமீட்டரைப் பார்த்தபடி திருப்பி 4.5க்குக் கொண்டுவந்திருந்தேன். ஏசி 128 பிஎன்பி வகை; மின்கலத்தின் நேர்முனைதான் இங்கே தரை. எனவே மீட்டர் கழித்தல் குறியோடு காட்டும். (அதைப் பார்த்து முதலில் பயந்து, மின்கலத்தைத் திருப்பி மாட்டப் போனேன். நல்லவேளை, மாட்டவில்லை.)

அப்படியானால் மேடையில் என்ன நடந்தது? வெயில். ஜெர்மானியத்தில் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதல் டிரான்சிஸ்டர் கூடுதலாகக் கடத்த, இரண்டாவதற்குப் போகும் மின்னோட்டம் குறைந்து, அதன் கலெக்டர் மேலே ஏறிவிடும். பயிற்சி அறையில் இதை நான் பார்த்தும் இருக்கிறேன். விரலால் டிரான்சிஸ்டரைப் பிடித்தாலே மீட்டரின் எண் நகரும். ‘மீட்டர் கோளாறு’ என்று விட்டுவிட்டேன்.

பையில் மல்டிமீட்டர் இருந்தது அதிர்ஷ்டம். பெட்டியைத் திறந்து அளந்தால் 6.6. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, மின்தடை கூடும் பக்கமாக டிரிம்மரைத் திருப்பினேன். 6, 5.3, 4.8. டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, “போதும்டா, கூப்பிடுறாங்க” என்றான். 4.6ல் மூடிவிட்டேன். இரண்டாவது பாட்டில் வரும் தனி வாசிப்புவரை தாங்கியது. மூன்றாவதில் லேசாகத் தும்மியது. எங்களைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நீங்களும் செய்ய நினைத்தால், முதல் பெடலுக்கு பிசி 108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரே போதும். ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும், ஆனால் நம் ஊர் வெக்கைக்கு அவ்வளவாக அசையாது. ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம். பற்றவைத்ததும் அளக்காதீர்கள், நன்றாக ஆறட்டும். பிஎன்பி பெடலுக்குத் தனி மின்கலம் வையுங்கள். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

என் பெட்டியின் பக்கவாட்டில் இப்போது மூன்றாவது ஓட்டை போட்டிருக்கிறேன். டிரிம்மருக்குப் பதில் அங்கே ஒரு குமிழ் வரப்போகிறது. பொருத்தமான குமிழ் தேடியபோது பாட்டிதான் சொன்னார், ரேடியோவின் டியூனிங் குமிழ் இன்னும் அதிலேயே இருக்கிறதாம்.