'எங்கேயாவது' என்பது யாருடைய ஊர்?

சுரண்டை பேருந்து நிலையத்தில் கல்லூரி மாணவர்கள் சிலரிடம் பேச்சுக் கொடுத்தோம். கூடங்குளம் அணு உலை தேவையா என்றால் ஆளுக்கொரு பதில். அதன் கழிவை எங்கே வைப்பது என்று கேட்டதும் எல்லோரும் ஒன்றானார்கள்: "எங்கேயாவது ஆளில்லாத இடத்துல வைக்கட்டும் சார், நம்ம பக்கம் வேண்டாம்." ஒரு மாணவர் மட்டும் சிரித்தார். "ஊர்க் குப்பையையும் அப்படிச் சொல்லித்தான் எங்க காலனி பக்கத்துல கொட்டுறாங்க" என்றார்.

அந்த 'எங்கேயாவது' ஒருமுறை பெயரோடு வெளிவந்தது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவைப் புதைக்கக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கம் பற்றி மத்திய அரசுத் தரப்பு பேசியது.

கோலார் ஆளில்லாத ஊரா? வெள்ளையர் காலத்தில் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர், வட ஆர்க்காடு பக்கமிருந்து பிழைக்கப் போன நம் தமிழ் தலித் மக்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட மண் அது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை போய்த் தங்கம் எடுத்தார்கள். மிஞ்சியது பாறைத்தூளால் வந்த நுரையீரல் நோயும், மலைபோல் குவிந்த சயனைடு மண்ணும்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் குடும்பங்கள் அதே லைன் வீடுகளில் இருக்கின்றன. தினமும் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்க்கின்றன. சுரங்கம்தான் கைவிடப்பட்டது, ஊர் அல்ல.

தங்கவயல் கொதித்தது. அப்படித் திட்டமே இல்லை என்று மத்திய அரசு பின்வாங்கியது. 1980களில் அங்கே ஆழத்தில் சூடேற்றிகளை வைத்து, பாறை வெப்பத்தைத் தாங்குமா என்று சோதித்தது உண்மை. கழிவு புதைக்கப்படவில்லை. வதந்தியைப் பரப்ப நமக்கு விருப்பமில்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். உலையில் பயன்படுத்தி எடுத்த எரிபொருள் கடும் வெப்பமும் கதிர்வீச்சும் கொண்டது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஆற வேண்டும். அதிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். அது கழிவல்ல, மறுசுழற்சி செய்து மீண்டும் பயன்படுத்துவோம் என்கிறது அணுசக்தித் துறை. மறுசுழற்சிக்குப் பிறகும் கண்ணாடியாக உருக்கி வைக்கவேண்டிய மிச்சம் உண்டு. அதற்கான நிரந்தரப் புதைகுழி இந்தியாவில் இன்னும் இல்லை.

உலைக்கு வெளியே சேமிப்புக் கிடங்கு கட்ட, 2019 ஜூலை 10இல் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். அப்போது சுரண்டையும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 'படிக்காதவங்க பயம்' என்று சிலர் கேலி பேசினார்கள். பின்லாந்தில் யூராயோக்கி என்ற சிறிய ஊராட்சி, தன் மண்ணில் புதைகுழி தோண்ட 2000இல் ஒப்புக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லித் தடுக்கும் சட்ட அதிகாரம் அதற்கு இருந்தது. அந்த அதிகாரம் ராதாபுரத்துக்கு இல்லை, தங்கவயலுக்கும் இல்லை.

இருப்பதைப் பயன்படுத்துவோம். கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னரே அறிவிப்பு வரவேண்டும். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். மாணவர்களே, போய்க் கேட்டு வாங்கி, காலனியில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் கருத்தை எழுதியும் அனுப்பலாம்.