பக்கத்து வீட்டு நாயை நல்ல வீட்டில் சேர்ப்பது எப்படி?

ஆசையாக வாங்கிய பொமேரியன், ஓரிரு வருடத்தில் மொட்டை மாடிக்கோ பைக் நிறுத்தும் இடத்துக்கோ போய்விடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பான், பாட்டி படுக்கையில் விழுந்திருப்பார். நாய் மட்டும் நாள் முழுக்க கேட் கம்பியில் கட்டிக் கிடக்கும். மதியம் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டால் சுடும். காதுக்குப் பின்னால் முடி சடைபிடித்து, அடியில் தோல் சிவந்திருக்கும்.

பார்த்துச் சகிக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். சட்டப்படி நாய் அந்த வீட்டாரின் உடைமை. கேட்காமல் எடுத்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நாயின் பக்கம்தான் நிற்கிறது. போதிய உணவு, தண்ணீர், நிழல் தராததும், எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாததும் 11ஆம் பிரிவின்படி குற்றம். மாநிலங்களவையில் அப்போதைய உறுப்பினர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் தொடர்ச்சியாகப் பிறந்த சட்டம் இது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இந்தக் குற்றங்களுக்குப் போலீஸார் தாமாக வழக்குப் பதிந்து கைது செய்யவும் முடியாது. அடி, காயம், பட்டினி என்று உயிருக்கு ஆபத்து இருந்தால் தேதியோடு படம் எடுத்துப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மற்றபடி, உரிமையாளர் மனமுவந்து கொடுப்பதுதான் வேகமான வழி.

அதற்குப் பேச்சை நாயிடமிருந்தே தொடங்குங்கள். "அக்கா, பப்பிக்கு உண்ணி ஏறியிருக்கு போல. நான் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். உண்ணிக் காய்ச்சலில் நாயின் ஈறு வெளுத்துப்போகும். அதைக் காட்டினால் அவர்களுக்கே பதறும். பல வீடுகளில் குற்ற உணர்ச்சிதான் வாயடைத்து வைத்திருக்கிறது. 'நீங்கள் கொடுமைக்காரர்கள்' என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். 'நல்ல வீடு ஒன்று பார்க்கட்டுமா' என்றால், எப்போது யார் கேட்பார்கள் என்று காத்திருந்ததுபோல் சம்மதிப்பவர்கள் உண்டு.

காதுக்குப் பின்னால் இருக்கும் சடையை நீங்களே கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தோலும் முடியோடு மேலெழுந்து நிற்கும், வெட்டுப்படும். டாக்டரிடம் விடுங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது வீடு தேடும்போதுதான். காப்பகங்கள் அடிபட்ட தெருநாய்களாலேயே நிரம்பி வழிகின்றன. வீட்டுக்குள் வளர்ந்த சிறிய நாய் அந்தக் கூட்டத்தில் மிரண்டுபோகும், தொற்றும் ஒட்டும். ஆகவே வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கே போகட்டும். 'இலவசம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் குட்டி போட வைத்து விற்பவர்களும் வருவார்கள், பெண் நாய் என்றால் இன்னும் அதிகம். கருத்தடை செய்த பிறகே கொடுப்பது நல்லது. கேட்பவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா, வாடகை வீடானால் உரிமையாளர் சம்மதித்தாரா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கொடுக்கும் நாளில் பழைய உரிமையாளரிடம் ஒப்படைப்புக் கடிதமும் தடுப்பூசி கார்டும் வாங்கிவிடுங்கள். மாநகராட்சி உரிமம் இருந்தால் பெயர் மாற்றுவதையும் விசாரியுங்கள். நாய் படுத்துப் பழகிய துணி ஒன்றும் கூடவே போகட்டும். புது வீட்டில் முதல் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், கதவு திறந்தால் ஓடப் பார்க்கும். புது வீடு பழகும்வரை வாசலுக்குக் கொண்டுபோகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்புப்பட்டை போட்டே பிடியுங்கள்.