விமான நெரிசலும் விமான நிறுவனங்களின் விருப்பமும்

ஒரு விமான நிலையம் ஒரு மணி நேரத்தில் ஏற்கக்கூடிய விமானங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. வரும் விமானங்கள் அந்த வரம்பை மீறும் என்று தெரிந்தால், அவற்றுக்கு முன்கூட்டியே நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். இப்பணி வான்போக்குவரத்து ஓட்ட மேலாண்மை எனப்படும். இந்தியாவில் இதனை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தில்லி வசந்த் குஞ்சில் உள்ள மையத்திலிருந்து செய்கிறது.

2018ஆம் ஆண்டு போகியன்று காலை, புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னையில் ஓடுபாதையை மறைத்தன. பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. வரம்பு குறையும் என்று முன்பே தெரியும் நாள்களில், விமானத்தைப் புறப்படும் ஊரிலேயே நிறுத்திவைப்பது நல்லது. வானில் வட்டமடித்தால் எரிபொருள்தான் வீணாகும்.

சரி, யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது? கால அட்டவணை வரிசைப்படி நேரம் கொடுப்பதே வழக்கம். நியாயமான முறைதான், ஆனால் போதாது. ஒரே நிறுவனத்தின் கோவை விமானம் 6.10க்கும் மதுரை விமானம் 6.20க்கும் சென்னையில் இறங்க வேண்டும் என்று கொள்வோம். நெரிசலால் முறையே 6.30, 7.10 என நேரம் கிடைக்கிறது. மதுரை விமானத்தில் சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க வேண்டிய பயணிகள் பலர் இருக்கிறார்கள். இரு நேரங்களையும் மாற்றிக்கொண்டால் மதுரைக்கு 10 நிமிடமும் கோவைக்கு 60 நிமிடமும் தாமதம். மொத்தத் தாமதம் முன்பும் 70 நிமிடம், இப்போதும் 70 நிமிடம். பிற நிறுவனங்களுக்கு ஒரு நிமிடமும் கூடவில்லை. ஆனால் சிங்கப்பூர் பயணிகள் தப்பித்தார்கள்.

இந்த விவரம் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது, நிறுவனத்துக்குத்தான் தெரியும். எங்கள் ஓரிக்கைப் பக்கம் ஒரே வீட்டார் இரண்டு பட்டுப்புடவை சொல்லிவைத்து, தறியில் வேலை தாமதமானால், எதை முதலில் முடிப்பது என்று நெசவாளர் அவர்களைத்தான் கேட்பார். எது முகூர்த்தப் புடவை என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் நிறுவனங்கள் உண்மையை மறைத்தன. ஒரு விமானம் ரத்தாகிறது என்று முன்பே சொன்னால் அதற்குரிய நேரமும் கைவிட்டுப் போகும். பிறகு ஏன் சொல்லப்போகிறார்கள்? அந்த நேரம் யாருக்கும் பயனின்றி வீணாயிற்று. 1998 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ, நெவார்க் நிலையங்களில் விதியை மாற்றிப் பார்த்தார்கள். ரத்தான விமானத்தின் நேரத்தை அந்த நிறுவனமே தன் வேறொரு விமானத்துக்குப் பயன்படுத்தலாம். அதற்கு முடியாவிட்டால் பிறருக்கு அது போகும். ஈடாகப் பின்னால் ஒரு நேரம் கிடைக்கும். உண்மையைச் சொல்வதில் நட்டமில்லை என்றானது.

ஆசியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, தாய்லாந்தின் ஏரோதாய் நிறுவனம் பாங்காக்கிலிருந்து இயக்கிய பாப்கேட் என்னும் ஏற்பாடு. 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவிலிருந்து காபூல் வான்பகுதி வழியே இரவில் ஐரோப்பா செல்லும் விமானங்களுக்கானது. எந்த வழி, எந்த உயரம், எந்த நேரம், அது கிடைக்காவிட்டால் அடுத்தது எது என்று நிறுவனங்களே பதிவு செய்யும். அவற்றைப் பார்த்துக் கணினி ஒதுக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. நாற்பது விமானம் இயக்கும் நிறுவனம் தனக்குள் மாற்றிக்கொள்ளும். அன்று ஒரே ஒரு விமானம் மட்டும் வைத்திருக்கும் சிறு நிறுவனம் எதோடு மாற்றும்? பிறரோடு மாற்றிக்கொள்ள விட்டால் வசதி உள்ளவர் நல்ல நேரங்களைச் சேர்த்துக்கொள்வாரோ என்ற அச்சம் எழுகிறது. ஐரோப்பாவில் யூரோகண்ட்ரோல் அமைப்பு செய்துவரும் ஆய்வுகளில் இக்கேள்வியும் ஒன்று.