அமோனியா நெடி ‘பழகிவிட்டது’ என்பவர்களுக்கு

கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பால் கலக்கும் பகுதிக்குப் புதிதாக வருபவருக்குக் கண் எரியும், தொண்டை கமறும். “கொஞ்ச நேரத்துல பழகிடும்” என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள். பழகுவது மூக்கு மட்டும்தான். தொடர்ந்து முகரும்போது மோப்ப உணர்வு மங்கிவிடுவதால், காற்றில் அமோனியா கூடினாலும் நமக்குத் தெரிவதில்லை. நுரையீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாலோடு வரும் வாயு

சிலாங்கூர் மாநிலத்துச் சுங்கை பூலோவுக்கு ரப்பர் புதிதல்ல. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பல பத்தாண்டுகள் இங்குதான் இருந்தது. பால் உறைந்துவிடாமலிருக்க அமோனியா ஊற்றுவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் கையுறை ஆலைகளுக்கு வரும் செறிவூட்டிய பாலிலும் 0.7 விழுக்காடு வரை அமோனியா உண்டு. தொட்டியைத் திறக்கும்போதும், அதற்குள் இறங்கிக் கழுவும்போதும்தான் ஆபத்து அதிகம். கையுறையின் பிசுபிசுப்பை நீக்கப் பயன்படுத்தும் குளோரின் அமோனியாவைவிடக் கொடியது.

அமோனியா கையுறை ஆலைகளில் மட்டும் இல்லை. ஐஸ் தொழிற்சாலைகளில் அது குளிரூட்டியாக, அழுத்தத்தோடு குழாய்களில் ஓடுகிறது. 2018 ஆகஸ்டில் ஷா ஆலமில் அப்படியொரு ஆலையில் ஏற்பட்ட கசிவில் இருவர் உயிரிழந்தனர்.

உடலில் என்ன நடக்கிறது?

அமோனியா ஈரத்தைத் தேடிப்போய்க் கரையும். கண்ணீரிலும் எச்சிலிலும் மூச்சுக்குழாய் ஈரத்திலும் கரைந்து காரமாகி, திசுவை அரிக்கும். கண்ணில் தெறித்தால் கருவிழியின் ஆழம்வரை போய்ப் பார்வையே பறிபோகலாம். குளோரின் சற்று வஞ்சகமானது: சுவாசித்த அன்று இருமலோடு வீட்டுக்குப் போனவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டக்கூடும். நன்றாகத்தான் இருக்கிறார் என்று தனியே விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு வரை?

மலேசியாவின் 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைப்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரி அமோனியா அளவு காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கைத் தாண்டக்கூடாது. குளோரினுக்கு வெறும் 0.5 பங்கு. இதைக் கருவிதான் அளக்க முடியும். உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

துணிக்கவசமும் மருத்துவக் கவசமும், ஏன் என்95 கவசமும்கூட, வாயுவைத் தடுக்காது. அமோனியாவுக்கென்றே பச்சைப் பட்டையிட்ட வடிகட்டி உண்டு. அதற்கும் ஆயுள் முடியும், தாடி இருந்தால் முகத்தில் சரியாகப் பொருந்தாது. கசிவு பெரிதென்றால் எந்த வடிகட்டியையும் நம்பாமல் வெளியேற வேண்டும். என் கருத்தில் கவசம் கடைசிக் காவல்தான். தொட்டிக்கு மூடியும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் முதலில் வரவேண்டும்.

கசிந்துவிட்டால்

காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்றுக்கு எதிராகப் போங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்; மருத்துவமனைக்கு ஓடுவது அதற்குப் பிறகுதான். நனைந்த உடையைக் கழற்றிவிடுங்கள். 999ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க, மூச்சுக்கருவி இல்லாமல் தொட்டிக்குள் இறங்காதீர்கள்; ஒருவர் இருந்த இடத்தில் இருவர் விழுவார்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

1991 மே 7 அன்று சுங்கை பூலோ பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டதை இவ்வூரார் மறக்கவில்லை. 1994இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் உருவாக அந்தத் துயரமும் ஒரு காரணம். 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்தை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். புகார் செய்தவரை வேலையிலிருந்து நீக்குவது குற்றம்.

இரசாயனப் பெட்டியின் எச்சரிக்கை லேபல் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். அவை புரியாதவர்களுக்குத் தமிழிலோ வங்காளத்திலோ நேபாளியிலோ விளக்கிச் சொல்லச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள். மறுத்தால் ஜேகேகேபி எனப்படும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் முறையிடலாம்.